வில்லங்கச் சான்று

சர்வே எண் 214/3பி. ஏழு சென்ட்.
வில்லங்கம் போட்டுத் தரச் சொன்னார் நில எடுப்புத் தாசில்தார்.
மேலப்பாளையத்துக்காரன் நான்,
கங்கைகொண்டானில் இருபத்திரண்டு வருஷமாய்ப் பத்திரம் எழுதுகிறேன்.
ஏழு சென்டுக்கு இத்தனை பழைய ஏடு
புரட்டியதில்லை.

முதல் பதிவு 1911.
விற்றவர் புன்னைவனப் பிள்ளை.
லுத்தரன் மிஷனுக்காக வாங்கியவர்
உபதேசியார் யோவேல் சத்தியமுத்து,
தண்டவாளம் பார்க்க வந்த கூட்டத்தோடு
மாயவரம் தாலுகாவிலிருந்து வந்தவர்.
கிரயம் பதினெட்டு ரூபாய்.
சாட்சி இரண்டும் கைநாட்டு.

பதிமூன்று வீடு.
அவர்கள் பேச்சைக் கேட்டு ஊர்ப்பிள்ளைகள் சிரித்தன.
வேதக்காரர் நிறைந்த சீமைதான் இது,
பனங்காட்டுக்குப் பனங்காடு ஒரு கோபுரம்.
ஆனாலும் அங்கே போய் உட்கார்ந்தால்
"நீங்க எந்தச் சபை?"
பதில் சொன்னதும் பெஞ்சில்
ஓர் ஆள் இடம் காலியாகும்.

ஆகவே செம்மண் சுவர், ஓலைக் கூரை.
மணிக்குப் பதில் வேம்பில் தொங்கிய
தண்டவாளத் துண்டு.
மாதா சொரூபம் இல்லாத அந்த வீட்டை
ஊர் மாதாகோயில் என்றே சொன்னது.
யாரும் திருத்தவில்லை.

அடுத்த பதிவைப் பார்த்து டீயைக் கீழே வைத்தேன்.
1915. சிவப்பு மை.
'எதிரி நாட்டார் சொத்து.'
எங்கோ சக்கரவர்த்திகள் சண்டை,
கப்பலே பார்க்காத பதிமூன்று வீட்டார்
ஜெர்மன் ராஜாவுக்கு உடந்தை,
ஓலைக் கூரைக்கு அரசாங்கப் பூட்டு.
சாவி ஸ்டேஷன் மாஸ்டரிடம் இருந்ததாம்.
ஞாயிறு காலையில் மேஜைமேல் மறந்து வைத்துவிட்டு
சிக்னல் பார்க்கப் போவாராம்.
இது பதிவில் இல்லை. போனில் சொன்னது
கீமேன் மாசிலாமணியின் மகன், பொன்மலையிலிருந்து.

இன்னொன்றும் சொன்னார்.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதுரையிலிருந்து
பாசஞ்சரில் ஐயர் வருவார்.
திரும்பும் வண்டி பதினொன்று நாற்பதுக்கு.
அதற்குள் ஞானஸ்நானம், நற்கருணை,
கல்யாணம் இருந்தால் கல்யாணம்.
"வண்டி லேட்டான அன்னைக்குத்தான் சார்
பிரசங்கம் முழுசாக் கேப்போம்."
செத்தவர்கள் மூன்று மாதம் காத்திருக்க முடியாது.
அவர்களை உபதேசியாரே அடக்கினார், ஓடைக்கரையில்.

ஓடை புலப்படத்தில் இருக்கிறது.
போய்ப் பார்த்தேன். தரையில் இல்லை.

பிறகு நெடுங்காலம் பதிவே கிடையாது.
வில்லங்கம் இல்லையென்றால்
எங்கள் பாஷையில் அது நல்ல சொத்து.
அகலப் பாதை வந்து கேங் குடியிருப்பு எடுபட்டது.
ஒரு வீடு விருதுநகருக்கு, ஒரு வீடு செங்கோட்டைக்கு,
உத்தரவு வந்த திசைக்கெல்லாம்.
கடைசி ஆராதனையில் மூன்று பேர்,
அதில் ஒருவன் நாய்க்குப் பயந்து
உள்ளே ஓடிவந்த ஊர்ப்பையன்.

கூரையைக் காற்று கொண்டுபோனது, சுவரை மழை.
தண்டவாளத் துண்டை யாராவது எடைக்குப் போட்டிருக்கலாம்.
இப்போது இரட்டைப் பாதை அதன்மேல் போகிறது.
இழப்பீடு கோர்ட்டில் கிடக்கிறது.
உரிமையாளர் கட்டத்தில் ஒரு கோடு.

நேற்று பக்கத்துப் புஞ்சைக்குக் கிரயம்.
கோவில்பட்டி பார்ட்டி, அவசரக்காரர்.
மூலப்பத்திரத்தில் நான்கெல்லை:
வடக்கே ஓடை, தெற்கே வண்டிப்பாதை,
கிழக்கே சங்கரவடிவு புஞ்சை,
மேற்கே மாதாகோயில்.
"கோயில் எங்க பாய் இருக்கு?
ரயில்வேன்னு போடுங்க."
நியாயம்தான். அவர் பார்த்தது ரயில்வே.

'மேற்கே ரயில்வே எல்லை' என்று எழுதினேன்.
பேனா அங்கேயே நின்றது.
'முன்பு லுத்தரன் கோயில்' என்று சேர்த்தேன்.

அந்த ஒரு வரியில் பக்கம் தாண்டிவிட்டது.
இன்னொரு தாள்,
என் கணக்கில்.